மின்மாற்றியின் இரு வாசல்கள்

நுழையும்முன்

தெருமுனையிலும் வயல்வரப்பிலும் நின்று இரவு பகலாக உழைக்கும் கருவி மின்மாற்றி. அதனைப் பழுதுபார்க்கக் கம்பம் ஏறும் பணியாளரின் உயிர், அவர் பின்பற்றும் பணிநெறியைப் பொறுத்தது. அம்மின்மாற்றியிலிருந்து மின்சாரம் பெறும் ஒவ்வொரு வீட்டாரின் பொறுப்புணர்வையும் அது பொறுத்தது. இவ்விரண்டுக்கும் உள்ள அறிவியல் தொடர்பை இப்பாடம் விளக்குகிறது.

பராமரிப்பைக் கல்லில் பொறித்த ஊர்

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலுக்கு அருகே அமைந்துள்ளது சித்தன்னவாசல். அங்குள்ள பாறைக்குன்றின் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் தொன்மையான தமிழி எழுத்துக் கல்வெட்டும் உள்ளன. குன்றின் மேற்குப் பகுதியில் குடையப்பெற்ற அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளமும், அதில் மீன்களும் அன்னங்களும் யானைகளும், மலர் கொய்யும் மாந்தரும் ஓவியமாய்த் தீட்டப்பெற்றுள்ளனர். ஓவியத்தைக் காண வருவோர் பலர். அங்குள்ள கல்வெட்டில் கருத்தைச் செலுத்துவோர் சிலரே.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில், பாண்டிய மன்னன் சீவல்லபன் காலத்தில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்னும் ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்து, முன்மண்டபமும் எடுப்பித்தார் என்பதை அக்கல்வெட்டு தெரிவிக்கிறது. கோயிலை முதலில் குடைவித்தவர் யார் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பழுது நீக்கியவர் யார் என்பதில் ஐயமில்லை. ஒன்றை ஆக்குவதைப் போலவே அதைக் காப்பதும் பதிவு செய்யத்தக்க பணி எனத் தமிழர் கருதியதற்கு இக்கல்வெட்டு ஒரு சான்று.

இன்று இவ்வட்டாரத்தின் வாழ்க்கை மின்சாரத்தைச் சார்ந்துள்ளது. ஆறுகள் வளம் சேர்க்காத, மழையையும் கண்மாய்களையும் நம்பிய நிலப்பகுதி இது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீர் இறைக்க மோட்டார் வேண்டும். மோட்டார் ஓட மின்மாற்றி வேண்டும். மின்மாற்றி பழுதின்றி இயங்கப் பராமரிப்பு வேண்டும். அப்பராமரிப்பு உயிர்ப்பலி இன்றி நடைபெற வேண்டும் என்பதே எல்லாவற்றினும் முதன்மையானது.

மின்மாற்றி செயற்படும் முறை

1831ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே, இரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒரு சுருளில் மின்னோட்டம் மாறும்போதெல்லாம், அதனோடு கம்பித் தொடர்பே இல்லாத மற்றொரு சுருளிலும் மின்னோட்டம் தோன்றுவதைக் கண்டார். மின்காந்தத் தூண்டல் எனப்படும் இந்நிகழ்வே மின்மாற்றியின் அடிப்படை. 1885ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரத்துப் பொறியாளர் மூவர், நடைமுறைக்கு ஏற்ற மூடிய உள்ளகம் கொண்ட மின்மாற்றியை உருவாக்கினர். தமிழகத்தில் 1932ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம், நீலகிரியில் விளைந்த மின்சாரத்தைச் சமவெளிக்கு இறக்கியது. அத்தகைய தொலைவழிப் பயணத்துக்கு மின்மாற்றியே துணைநின்றது.

மின்னோட்டம் மிகுந்தால் கம்பியில் வெப்ப இழப்பும் மிகும். மின்னோட்டம் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். ஆகவே, மின்னழுத்தத்தை உயர்த்தி, மின்னோட்டத்தைக் குறைத்துத் தொலைவுக்கு அனுப்புவர். பயன்படுத்தும் இடத்துக்கு அருகில் மின்னழுத்தத்தை மீண்டும் தாழ்த்துவர். தெருவில் நாம் காணும் பகிர்மான மின்மாற்றி, 11,000 அல்லது 22,000 வோல்ட் உயரழுத்த மின்சாரத்தைப் பெற்று, முனைகளுக்கு இடையே 433 வோல்ட்டாகத் தாழ்த்தித் தருகிறது. ஒரு முனைக்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையே அது 250 வோல்ட் ஆகும். கம்பிவழியில் ஏற்படும் இழப்பு போக, வீட்டை வந்தடைவது ஏறத்தாழ 230 வோல்ட்.

எண்ணெயும் மூச்சும்

மின்மாற்றியின் தொட்டிக்குள் உள்ளகமும் சுருள்களும் எண்ணெயில் மூழ்கியிருக்கும். அவ்வெண்ணெய்க்கு இரு கடமைகள் உண்டு. சுருளில் தோன்றும் வெப்பத்தை வெளியேற்றுவது ஒன்று. உயரழுத்தப் பகுதிகளுக்கு இடையே மின்காப்பாக விளங்குவது மற்றொன்று. பகலில் சுமை ஏறும்போது எண்ணெய் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. அதற்கேற்ப மின்மாற்றி காற்றை வெளிவிட்டு உள்ளிழுக்கிறது. இக்காற்று சென்றுவரும் உறுப்பே மூச்சுக்குழல். காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதற்காக அதனுள் சிலிக்கா ஜெல் மணிகள் இடப்பட்டிருக்கும். உலர்ந்தபோது நீலமாக இருக்கும் மணிகள் ஈரத்தில் நிறைந்தபின் இளஞ்சிவப்பாக மாறும். வேறொரு வகை மணிகள் செம்மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும். நிறம் மாறிய மணிகளைக் காலத்தே மாற்றாவிடில் ஈரம் எண்ணெயில் கலக்கும். எண்ணெயின் காப்பாற்றல் குன்றும்.

இதனை அறியவே எண்ணெயின் மாதிரியை எடுத்துச் சோதிப்பர். 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்த இரு மின்முனைகளுக்கு இடையே எண்ணெயை நிரப்பி, மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துவர். 30 கிலோவோல்ட்டுக்குக் குறைவான அழுத்தத்திலேயே பொறி பாய்ந்தால் அவ்வெண்ணெயை வடிகட்டவோ மாற்றவோ வேண்டும். சுருளைச் சுற்றியுள்ள காப்புத்தாளும் கருதத்தக்கது. அளவுக்கு மிஞ்சிய சுமையால் அதன் வெப்பநிலை உயர்ந்தால், ஏறத்தாழ 6 பாகை செல்சியசுக்கு ஒருமுறை அது முதுமையடையும் வேகம் இரட்டிப்பாகும். எரிந்துபோன உருகிக்கு மாற்றாகத் தடித்த கம்பியைக் கட்டிவிடும் வழக்கம், இக்காரணத்தாலேயே பெருந்தீங்கு விளைவிக்கிறது. உருகி எரிவது மின்மாற்றியைக் காப்பதற்காக. எரியாத உருகி காவலைக் கைவிட்ட உருகி.

இரண்டு வாசல்கள்

மின்மாற்றியின் இயல்புகளுள், பராமரிப்புப் பணியாளரின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது ஒன்று உண்டு. தூண்டல் எத்திசையிலும் நிகழும். உயரழுத்தப் பக்கத்தில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது தாழழுத்தப் பக்கத்தில் இறங்கிவரும். தாழழுத்தப் பக்கத்தில் செலுத்தினால் உயரழுத்தப் பக்கத்தில் ஏறிச்செல்லும். இறக்கித் தருவதற்கென்றே நிறுவப்பட்ட கருவி என்பது நம் எண்ணம். இரும்பு உள்ளகத்துக்கு ஏறுதிசையும் இறங்குதிசையும் ஒன்றே.

மின்தடையின்போது ஒரு வீட்டிலோ திருமண மண்டபத்திலோ மின்னாக்கி இயக்கப்படுவதாகக் கொள்வோம். அதனை முறையான மாற்றுச் சுவிட்சு இன்றி, வீட்டின் மின்கம்பி அமைப்பில் நேரடியாக இணைத்துவிட்டால், அதன் 230 வோல்ட் மின்சாரம் தெருக்கம்பி வழியே மின்மாற்றியை அடையும். 11,000 வோல்ட்டை 250 வோல்ட்டாகத் தாழ்த்தும் சுருள்களின் விகிதம் 44 ஆகும். எதிர்த்திசையில் அவ்விகிதம் பெருக்கமாக மாறும். தெருவின் பிற வீடுகள் சுமையாக நின்று மின்னழுத்தத்தைக் கீழிழுக்காத நிலையில், 230 வோல்ட் ஏறத்தாழ 10,000 வோல்ட்டாக உயரழுத்தக் கம்பியில் தோன்றும். மின்நிலையத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டோம் என்ற நம்பிக்கையுடன் அக்கம்பியைத் தொடும் பணியாளருக்கு அது எமனாகும். மின்னாக்கி சிறியதாகையால் அழுத்தம் இதனினும் குறைந்து பாதியாகவே நின்றாலும் உயிரைப் பறிக்க அது போதும்.

ஆகவே, ஒவ்வொரு மின்மாற்றிக்கும் இரண்டு வாசல்கள் உண்டு. மின்நிலையத்திலிருந்து வரும் வாசலை அடைப்பது பணியாளரின் கையில் உள்ளது. வீடுகளிலிருந்து திறக்கக்கூடிய வாசலை அடைப்பது மக்களின் கையில் உள்ளது.

கஜா புயல் உணர்த்திய உண்மை

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. கடற்கரை மாவட்டங்களைத் தாக்கியதோடு நில்லாது உள்நாட்டிலும் அது வலுவோடு நகர்ந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. டெல்டாப் பகுதியிலும் அதனை ஒட்டிய மாவட்டங்களிலும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன, மின்மாற்றிகளும் சாய்ந்தன. பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த மின்பணியாளர்கள் சேற்றிலும் வயலிலும் நின்று புதிய கம்பங்களை நட்டனர்.

அந்நாள்களில் மேல்நிலைத் தொட்டிகளுக்கு நீர் ஏற்றவும், கைப்பேசிகளுக்கு மின்னேற்றவும் ஊர்தோறும் மின்னாக்கிகள் ஓடின. அவை இல்லையேல் குடிநீரும் இல்லை. ஒருபுறம் மக்களின் தாகம் தீர்க்க மின்னாக்கி. மறுபுறம் அதே ஊரின் கம்பியைக் கைகளால் இழுத்துக் கட்டும் பணியாளர். இவ்விரண்டும் ஒரே நேரத்தில், ஒரே கம்பித் தொடரில் நிகழும்போது, ஒரு மாற்றுச் சுவிட்சு உயிர்காக்கும் கருவியாகிறது. பேரிடர்க் காலத்தில் விரைவு எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது நெறிமுறை. விரைவுக்காக ஒரு படியைத் தாண்டுவோர் உயிரையே விலையாகத் தர நேரும்.

பாதுகாப்பின் ஐந்து படிகள்

மின்பணியில் உலகெங்கும் பின்பற்றப்படும் நெறி ஐந்து படிகளாக அமைந்தது.

முதலாவது, முற்றிலும் துண்டித்தல். பகிர்மான மின்மாற்றியில் முதலில் தாழழுத்தப் பக்கத்து உருகிகளை அகற்றிச் சுமையை நீக்குவர். அதன்பின் ‘ஏபி சுவிட்ச்’ எனப் பணியாளர் வழங்கும் காற்றிடைத் துண்டிப்பானைத் திறப்பர். இவ்வரிசையை மாற்றிச் சுமையோடு திறந்தால் பெருந்தீப்பொறி எழும். திறந்தபின் கைப்பிடியின் நிலையை மட்டும் நம்பாமல், மூன்று அலகுகளும் பிரிந்து நிற்பதைக் கண்ணால் காண வேண்டும். ஓர் அலகு மட்டும் பிரியாது ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

இரண்டாவது, மீண்டும் இணைக்கப்படாதவாறு காத்தல். துண்டிப்பானின் கைப்பிடியைப் பூட்டி, திறவுகோலைப் பணி செய்பவரே வைத்துக்கொள்வர். துணை மின்நிலையத்தில் ‘லைன் கிளியர்’ எனப்படும் பணி அனுமதி பெறப்படுகிறது. அனுமதி பெற்றவர் பணி முடித்துத் திரும்ப ஒப்படைக்கும் வரை எவரும் மின்னிணைப்புத் தரலாகாது. ‘இந்நேரம் முடிந்திருக்கும்’ என்னும் ஊகத்துக்கு இங்கு இடமே இல்லை.

மூன்றாவது, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து அறிதல். சோதனைக் கருவி சரியாக இயங்குகிறதா என்பதை முதலில் உறுதிசெய்து, பின் ஒவ்வொரு கம்பியையும் சோதித்து, இறுதியில் கருவியை மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பர். பழுதான கருவியும் மின்சாரம் இல்லை என்றே காட்டும்.

நான்காவது, நிலத்தோடு இணைத்தல். ‘எர்த் ராடு’ எனப்படும் நிலத்தொடர்புக் கோல்களால் எல்லாக் கம்பிகளையும் ஒன்றாகப் பிணைத்து நிலத்தோடு இணைப்பர். நில முனையை முதலிலும் கம்பி முனையைப் பின்னரும் பொருத்த வேண்டும். எடுக்கும்போது கம்பி முனையை முதலில் எடுக்க வேண்டும். பணியிடத்தின் இரு பக்கங்களிலும் இவ்வாறு பிணைக்கும்போது மின்மாற்றியின் இரண்டு வாசல்களும் அடைபடுகின்றன. எவரேனும் அறியாமல் மின்னாக்கியை இணைத்தாலும், தொலைவில் இடி விழுந்தாலும், அம்மின்சாரம் பணியாளரின் உடலை நாடாது நிலத்தை நாடும்.

ஐந்தாவது, அருகில் மின்சாரம் பாயும் பகுதிகளை மறைத்தல் அல்லது தடுப்பு அமைத்தல். ஒரே கம்பத்தில் வேறொரு மின்வழி செல்லுமாயின் அதன் இருப்பை அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

தலைக்கவசம், காப்புக் கையுறை, இடுப்புக் கச்சை ஆகியன இவ்வைந்து படிகளுக்குத் துணை. படிகளைக் கைவிட்டுக் கையுறையை மட்டும் நம்புவது, மதகைத் திறந்து வைத்துவிட்டுக் கரையை உயர்த்துவது போன்றது.

பாறை நிலமும் நிலத்தொடர்பும்

நான்காம் படி பயன் தருவது நிலத்தின் தன்மையைப் பொறுத்தது. ஈரமான களிமண் மின்சாரத்தை எளிதில் ஏற்கும்; உலர்ந்த மண்ணும் பாறையும் எளிதில் ஏற்பதில்லை. சித்தன்னவாசல் போன்ற பாறைப் பாங்கான, மழை குறைந்த இடங்களில் நல்ல நிலத்தொடர்பு அமைப்பது கடினமான பணி. ஆங்குக் குழிகளை ஆழமாக அமைத்தும், ஒன்றுக்கு மேற்பட்ட மின்வாய்களை இணைத்தும், கரியும் உப்பும் இட்டும் நிலத்தின் மின்தடையைக் குறைப்பர். கோடையில் மண் உலரும்போது தடை உயரும். ஆதலால், நிலத்தொடர்புக் குழிக்கு நீர் வார்ப்பது எளிய செயலாயினும் உயிர்காக்கும் செயலாகும்.

மின்மாற்றியின் உடற்பகுதி, நடுநிலை முனை, இடிதாங்கி ஆகியவற்றுக்குத் தனித்தனியே நிலத்தொடர்பு அளிப்பர். நடுநிலை முனையின் தொடர்பு அறுந்தால் சில வீடுகளில் மின்னழுத்தம் எல்லை மீறி உயரும். விளக்குகளும் கருவிகளும் எரியும். உடற்பகுதியின் தொடர்பு அறுந்தால், பழுது நேரும்போது தொட்டியே மின்சாரம் தாங்கி நிற்கும். செம்பு விலைபோகும் என்று நிலத்தொடர்புக் கம்பியைத் திருடுவோர், ஓர் ஊரின் உயிர்க்காவலையே திருடுகின்றனர்.

மக்களின் கடமைகள்

‘மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக மின்வழங்கல் நிறுத்தப்படும்’ என்னும் அறிவிப்பு நாளிதழ்களில் அடிக்கடி வெளிவருவதாகும். அதனைப் படிப்போருக்குப் புழுக்கமும் மாவரைக்க இயலாமையும் நினைவுக்கு வரலாம். அந்நேரத்தில் ஒருவர் கம்பத்தின் மேல் நிற்கிறார் என்பதும் நினைவுக்கு வர வேண்டும்.

மின்னாக்கியை மாற்றுச் சுவிட்சு வழியாகவே இணைக்க வேண்டும். அச்சுவிட்சு வெளி மின்சாரத்தையும் மின்னாக்கியையும் ஒருசேர இணைய விடாது. கூரைச் சூரிய மின்னமைப்புகளை, வெளி மின்சாரம் நின்றவுடன் தாமாகவே துண்டித்துக்கொள்ளும் வகையில் தகுதி பெற்றோரைக் கொண்டே நிறுவ வேண்டும். எரிந்த உருகியைப் பொதுமக்கள் தாமே மாற்ற முனைதல் கூடாது. மின்மாற்றியின் வேலிக்குள் பந்து விழுந்தால் அதை எடுக்கச் செல்லலாகாது. கம்பத்தின் தாங்குகம்பியில் ஆடுமாடுகளைக் கட்டுவதும் துணி உலர்த்துவதும் ஆபத்தானவை.

அறுந்து விழுந்த கம்பி அசைவற்றுக் கிடந்தாலும் அதில் மின்சாரம் இருக்கக்கூடும். அதனைச் சுற்றியுள்ள நிலத்திலும் மின்னழுத்தம் பரவியிருக்கும். அருகே அகப்பட்டவர் நீண்ட அடி வைத்து ஓடினால், இரு பாதங்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு உடல்வழியே மின்னோட்டத்தைச் செலுத்தும். பாதங்களைச் சேர்த்து வைத்து, தரையிலிருந்து தூக்காமல் சிறிது சிறிதாக நகர்ந்து விலகுவதே தக்கது. மின்சாரம் தாக்கியவரைத் துண்டிப்பு உறுதியாகும் முன்னர்த் தொடலாகாது.

மின்மாற்றியின் அருகே தொங்கும் எச்சரிக்கைப் பலகையை அன்றாடம் கண்டு பழகிய கண்கள், நாளடைவில் அதனைப் பார்ப்பதில்லை. பழக்கம் அச்சத்தைப் போக்குவதோடு கவனத்தையும் போக்கிவிடுகிறது. பல்லாண்டு அனுபவம் உள்ளவரும் ஒவ்வொரு முறையும் ஐந்து படிகளையும் முதல்நாள் போலவே செய்ய வேண்டும் என்பதன் பொருள் இதுவே. எந்த நாளில், எந்த மின்மாற்றியில், எவரால் எப்பணி செய்யப்பட்டது எனப் பதிவேட்டில் எழுதுவதும் அந்நெறியைச் சேர்ந்தது. இளங்கௌதமனின் திருப்பணியைக் கல் காத்தது. கம்பியாளரின் பணியைப் பதிவேடு காக்கிறது. அப்பதிவேட்டின் அடுத்த பக்கத்தையும் அவரே எழுதும்படி அவரைக் காப்பது, மின்மாற்றியின் மறுவாசலில் நிற்கும் ஒவ்வொருவரின் கடமையாகும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாடு மின்சார வாரியம் 1957ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தோற்றுவிக்கப்பட்டது. மின்வழங்கல் தொடர்பான குறைகளையும் ஆபத்தான நிலையில் உள்ள கம்பிகளையும் பற்றித் தெரிவிக்க, ‘மின்னகம்’ என்னும் நுகர்வோர் சேவை மையம் 2021ஆம் ஆண்டு முதல் இரவு பகலாக இயங்குகிறது. அதன் தொலைபேசி எண் 94987 94987.

கலைச்சொற்கள்

மின்மாற்றி – டிரான்ஸ்ஃபார்மர்
மின்னாக்கி – ஜெனரேட்டர்
உள்ளகம் – சுருள்கள் சுற்றப்பெறும் இரும்புப் பகுதி
உருகி – ஃபியூஸ்
மாற்றுச் சுவிட்சு – சேஞ்ச் ஓவர் சுவிட்ச்
தாங்குகம்பி – ஸ்டே ஒயர்
மூச்சுக்குழல் – ப்ரீதர்
கம்பியாளர் – ஒயர்மேன்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் உள்ள மின்மாற்றியை வேலிக்கு வெளியே பாதுகாப்பான தொலைவில் நின்று உற்றுநோக்கி, எச்சரிக்கைப் பலகை, வேலி, படர்ந்துள்ள கொடிகள் ஆகியன பற்றிக் குறிப்பு எழுதுக.
2. மின்னாக்கி பயன்படுத்துவோர்க்கு மாற்றுச் சுவிட்சின் தேவையை விளக்கும் துண்டறிக்கை ஒன்றை எளிய தமிழில் உருவாக்குக.

பாடநூல் வினாக்கள்

குறுவினா
1. மூச்சுக்குழலில் உள்ள மணிகள் நிறம் மாறுவது எதனை உணர்த்துகிறது?
2. சித்தன்னவாசல் கல்வெட்டு பராமரிப்புப் பணியை எவ்வாறு பதிவு செய்கிறது?

சிறுவினா
1. பாறை நிலத்தில் நிலத்தொடர்பு அமைப்பதில் உள்ள இடர்ப்பாடுகளையும் தீர்வுகளையும் எழுதுக.
2. அறுந்து விழுந்த மின்கம்பியின் அருகே அகப்பட்டவர் எவ்வாறு விலக வேண்டும்? காரணம் கூறுக.

நெடுவினா
‘ஒவ்வொரு மின்மாற்றிக்கும் இரண்டு வாசல்கள் உண்டு’ – இக்கூற்றை அறிவியல் அடிப்படையில் விளக்கி, பணியாளரும் மக்களும் ஆற்ற வேண்டிய கடமைகளைத் தொகுத்து எழுதுக.